தொழில் பயண விசா: நேர்காணலுக்கு முன் நாம் அறிய வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற வணிகர் வழிகாட்டல் கூட்டத்தில், கல்வி மற்றும் வழிகாட்டல் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடல் கடந்து வணிகம் செய்வது நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோர் சென்ற வரலாறு நாம் அறிந்ததே. சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுப்பப்பட்ட நாகூர் தர்கா அதற்கு இன்றும் சான்றாக நிற்கிறது. அன்று சரக்கும் நாணயமும் இருந்தால் போதும். இன்றோ அவற்றோடு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் ஓர் அதிகாரியிடம் சில நிமிடங்களில் நம்மை விளக்கிச் சொல்லும் திறனும் தேவைப்படுகிறது.

வளைகுடா வேலைக்குச் செல்வோருக்கு விசாவை முதலாளியே எடுத்து அனுப்புகிறார். ஆகவே நம் ஊர்களில் பலருக்குத் தம் வாயால் பேசி விசா பெறும் பழக்கம் இல்லை. அமெரிக்காவுக்கான பி-1 என்னும் தொழில் பயண விசா அப்படிப்பட்டதன்று. சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தின் அருகிலுள்ள துணைத் தூதரகத்தில் நாமே நின்று பதில் கூற வேண்டும்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய அனுமதியுடன் இங்கே கூறுகிறோம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கடலுணவு வியாபாரம் செய்பவர்கள்; வேலைக்கு ஆறு பேர். விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜெண்ட், நிறுவனம் பெரிதாகத் தெரியட்டும் என்று நாற்பது பணியாளர்கள் என எழுதிவிட்டார். அதிகாரி கேட்டபோது நம் சகோதரர் உள்ளபடியே "ஆறு பேர்" என்றார். விசா மறுக்கப்பட்டது. உண்மை பேசியவர் பொய்யரைப் போல் வெளியே வந்தார். கட்டணம் போனது சிறிய இழப்பு. அந்த முரண்பாடு பதிவேட்டில் தங்கிவிட்டதே பெரிய இழப்பு. இந்த உரைக்குக் காரணமே அந்நிகழ்ச்சிதான்.

சகோதரர்களே! அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு கூறுவதை முதலில் புரிந்துகொள்வோம். விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்றே அச்சட்டம் முதலில் கருதுகிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. இது நம்மை மட்டும் குறிவைத்த விதியன்று. எந்த நாட்டவர்க்கும் எந்தச் சமயத்தவர்க்கும் பொதுவானது. எனவே அதிகாரி எதைக் கேட்டாலும், அவர் அறிய விரும்புவது மூன்றே: எதற்காகப் போகிறீர்? யார் செலவு செய்கிறார்? ஏன் திரும்பி வருவீர்?

முதல் கேள்விக்கு "பிசினஸ் விஷயமாக" என்பது பதிலாகாது. "ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் இறாலும் நண்டும் வாங்கிப் பதப்படுத்தும் ஆலைகளுக்குக் கொடுக்கிறோம். மார்ச் மாதம் பாஸ்டன் நகரில் நடக்கும் கடலுணவுக் கண்காட்சியைப் பார்த்து, கொள்முதல் செய்வோர் இருவரைச் சந்தித்து, பத்தாம் நாள் திரும்புகிறோம்" என்பதே பதில். இடம், நாள், காரியம் மூன்றும் அதில் உள்ளன. பேச்சுவார்த்தை நடத்துவது, ஒப்பந்தம் பேசுவது, கண்காட்சி, மாநாடு ஆகியவற்றில் கலந்துகொள்வது போன்றவை பி-1 விசாவில் அடங்கும். அங்கே ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வது அடங்காது.

அடுத்து, டி.எஸ்.-160 என்னும் இணைய விண்ணப்பம். நேர்காணலின் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. ஐந்தாண்டுகளில் சென்ற நாடுகள், முன்பு விசா மறுக்கப்பட்டதா, அமெரிக்காவில் உறவினர் உண்டா, ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் யாவை என்றெல்லாம் அதில் கேட்கப்படும். உம்ராவுக்குச் சென்றதை எழுதினால் சந்தேகப்படுவார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்க, விண்ணப்பத்தில் இல்லை என்பதுதான் சந்தேகத்தை வரவழைக்கும். சென்றதைச் சென்றதாக எழுதுங்கள். மச்சான் நியூஜெர்சியில் இருந்தால் அதையும் எழுதுங்கள். வேண்டுமென்றே முக்கியச் செய்தியைப் பொய்யாகக் கூறியதாக முடிவானால், வாழ்நாள் முழுவதும் அந்நாட்டுக்குள் நுழைய இயலாத நிலை வரக்கூடும். ஏஜெண்ட் எழுதினார் என்பது நம்மைக் காப்பாற்றாது. விண்ணப்பத்தின் கீழ் உறுதிமொழி அளிப்பவர் நாமே.

பெயர் விஷயத்தில் நம் சமுதாயத்துக்குத் தனிச் சிரமம் உண்டு. 'முஹம்மது' என்னும் ஒரே பெயர் ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், பான் அட்டையில் வேறு விதமாகவும், ஜி.எஸ்.டி. சான்றிதழில் மற்றொரு விதமாகவும் இருக்கும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயருடன் பாஸ்போர்ட் எடுத்தவர்களும் நம்மில் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் கட்டுப்பாடு விதித்தபோது பலர் தவித்தார்கள். ஆகவே பயணம் முடிவாகும் முன்பே திருச்சி மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாகப் பெயரைச் சீர்செய்துகொள்வது நலம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, அதிகாரி ஒன்றைக்கூடக் கேட்காமல் போகலாம். ஆயினும் நம் சொல்லுக்குப் பின்னால் அவை இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம், ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு விவரம், கடந்த மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, ஏற்றுமதி செய்பவராயின் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நம் வியாபாரம் பெரும்பாலும் கூட்டுக் குடும்பத்தில் அத்தா பெயரில் நடக்கிறது. வரவு செலவு ரொக்கத்தில் ஓடுகிறது. உழைப்பவர் மகன், காகிதத்தில் அவர் பெயரே இல்லை. இதை நேர்காணலுக்கு முந்திய வாரத்தில் சரிசெய்ய முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பங்குதாரர் பத்திரம் எழுதி, வங்கி வழியே கணக்கை நடத்தி, வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். விசாவுக்காக மட்டுமன்று, பாகப்பிரிவினை நாளிலும் இதுவே குடும்பத்தைக் காக்கும்.

நேர்காணலுக்கு முன் ஒருமுறை, விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். சமய வழக்கப்படி நாள்தோறும் அணியும் தொப்பி, முக்காடு ஆகியவை படத்தில் அனுமதிக்கப்படும். முகம் முழுவதும் தெரிய வேண்டும். மூக்குக் கண்ணாடி 2016 நவம்பர் முதல் அனுமதிக்கப்படுவதில்லை. துணைத் தூதரகத்துக்குள் கைப்பேசி கொண்டு செல்லக் கூடாது. சென்னையில் தமிழிலேயே நேர்காணல் தரலாம். அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிடத் தெளிந்த தமிழில் பேசுவது எவ்வளவோ மேல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள்.

நேர்காணலுக்குப் பின் சிலருக்கு 221(ஜி) என்னும் தாள் தரப்படும். மேலும் ஆவணமோ சரிபார்ப்போ தேவை என்பது அதன் பொருள். நம் பெயர்களை ஒத்த பெயர்கள் உலகில் ஏராளம். சரிபார்ப்பில் காலதாமதம் ஆகலாம். பொறுமை காத்து, கேட்டதைக் கொடுங்கள். 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் அது நிரந்தரத் தடையுமன்று. நிலைமை மாறிய பின் மீண்டும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். விசா கிடைத்தவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. பத்தாண்டு விசா என்பது பத்தாண்டு தங்கும் உரிமையன்று. விமான நிலைய அதிகாரி ஐ-94 பதிவில் குறிக்கும் தேதியே நம் கெடு.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு சொல். "பிசினஸ் விசாவில் போய் இறங்கு, பிறகு வேலை விசாவாக மாற்றித் தருகிறோம்" என்று கூறுவோரை நம்பாதீர்கள். 2022-இல் தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்தியை நாடே அறியும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பணம் கொடுக்குமுன் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.

அன்பர்களே! நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகராக இருந்த காலத்திலேயே 'அல்அமீன்' என அழைக்கப்பட்டார்கள். சிறிய கடையைச் சிறிய கடை என்று சொல்வதில் நமக்கு வெட்கம் வேண்டாம். ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கும் உலகச் சந்தையில் இடம் உண்டு. இல்லாத முப்பத்து நான்கு பேருக்குத்தான் இடமில்லை.

விண்ணப்பிக்க எண்ணும் சகோதரர்கள், அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் படிவத்தை எங்கள் குழுவிடம் கொண்டு வாருங்கள். உங்களுடன் அமர்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கிறோம். மாதிரி நேர்காணலும் நடத்துகிறோம். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத்தையும் நம் சொல்லில் உண்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.