மூக்குக் கண்ணாடியும் முறையான அளவும்

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உங்க தொழிலைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க, ஃபார்முலா மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். நான் படித்தது மெக்கானிக்கல். சோறு போடுவது லென்ஸ் கடையும் இயந்திரம். முன்வரிசையைப் பார்க்கிறேன், கண்ணாடி இல்லாத முகம் அபூர்வம். பின்வரிசையில் உள்ள என் செட் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். நமக்கும் முப்பது தாண்டியாச்சு. நாற்பதில் வெள்ளெழுத்து காத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஃப்ரேம். நம் பெரியவர்கள் மூக்கில் பள்ளம் விழுந்தது எடையால்தான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சபாயே என்ற ஊர்க்காரர்கள் டைட்டானியத்தில் ஃப்ரேம் செய்யக் கற்றார்கள். எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 8, டைட்டானியம் 4.5. வியர்வையில் துருப்பிடிக்காது, தோலையும் அரிக்காது. இதையே நிக்கலோடு கலந்து செய்த உலோகம், வளைத்துவிட்டால் தானே பழைய வடிவுக்குத் திரும்பும். வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும்!

அடுத்து லென்ஸ். இன்று நாம் பரவலாக அணியும் சி.ஆர்.39 பிளாஸ்டிக் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் உருவானது. கொலம்பியா ரெசின் வரிசையில் 39ஆவது கலவை என்பதால் அந்தப் பெயர். 1947இல் அது கண்ணாடி லென்ஸாக வந்தது. அதன் ஒளிவிலகல் எண் 1.50. இப்போது 1.67, 1.74 வரை கிடைக்கிறது. எண்ணில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 0.50க்குப் பதில் 0.67. அதே பவருக்கு வளைவில் கால் பங்கு குறைகிறது. 'சோடாபுட்டி' என்று வகுப்பில் கேலி வாங்கிய நண்பர்கள் இன்று தப்பித்தது இதனால்தான். ஆனால் எண் கூடக்கூட ஓரத்தில் நிறம் பிரிந்து தெரியும். எல்லா நன்மையும் ஒரே பொருளில் கிடைக்காது என்று மெட்டலர்ஜி வகுப்பில் படித்தோமே, அதேதான். ஓடியாடும் பிள்ளைகளுக்கு மெலிதைவிட முக்கியம் உடையாமை. அவர்களுக்குப் பாலிகார்பனேட் நல்லது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கோடில்லாத புரோகிரசிவ் லென்ஸ். 1959இல் பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் என்பவர் இதைக் கொண்டுவந்தார். அவரும் ஒரு எஞ்சினியர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை! மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர், கீழே படிப்பு. அந்த நாளில் அச்சில் வார்த்ததை, இன்று வைர முனை கொண்ட இயந்திரம் ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனித்தனியாகக் கடைகிறது. மைக்ரான் கணக்கில் துல்லியம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். மைக்ரானில் கடைந்த லென்ஸை, கண்மணியின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் தப்பாகக் குறித்துப் பொருத்தினால் என்ன ஆகும்? படிக்கும் பகுதி இடம் மாறிவிடும். ஆள் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்ப்பார். "புரோகிரசிவ் எனக்கு ஒத்துக்கலே" என்று அலமாரியில் வைத்துவிடுவார். அளவு தவறினால் எந்த மெஷினும் காப்பாற்றாது.

அளவு எடுப்பதிலும் புதுமை வந்திருக்கிறது. தாடையை வைத்து உள்ளே பார்த்தால் நீண்ட சாலையும் அதன் முடிவில் ஒரு பலூனும் தெரியுமே, அந்த ஆட்டோ ரிஃப்ராக்டர் அகச்சிவப்பு ஒளியை விழித்திரைக்கு அனுப்பி, திரும்பி வருவதை வைத்துச் சில நொடிகளில் பவரைக் கணக்கிடும். அந்தப் படம் அலங்காரத்துக்கு அல்ல. தொலைவில் பார்ப்பதாக நினைத்துக் கண் தளர வேண்டும் என்பதற்காக. ஆனால் சிறு பிள்ளைகளின் கண் அவ்வளவு எளிதில் தளராது. மைனஸ் கூடுதலாகக் காட்டிவிடும். ஆகவேதான் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்க்கிறார். "மெஷின் சீட்டு வந்தாச்சே, அப்படியே கண்ணாடி போடுங்க" என்று அவசரப்படாதீர்கள். சீட்டு ஆரம்பம்தான். 1862இல் டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் கொடுத்த எழுத்து அட்டையை வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். மேலும், பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு. கண் நீர் அழுத்தமும் சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறும் சத்தமில்லாமல் வளர்பவை. பவர் சீட்டில் தெரியாது.

கடைக்காரர் 'ப்ளூ கட்' என்று கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள். 2023இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிடக் குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. செலவழிக்க வேண்டிய இடம் வேறு. ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. நடுப்பகுதியைச் சுற்றி நுண்ணிய குட்டி லென்ஸ்கள் பதித்த கண்ணாடி போட்டவர்களுக்குக் கிட்டப்பார்வை ஏறும் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2020இல் அந்த முடிவு அச்சானது. பிள்ளைக்கு வருடாவருடம் பவர் ஏறினால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். தினமும் வெளியில் விளையாடவும் விடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

இவ்வளவும் வாங்க முடிந்தவர்கள் கதை. முடியாதவர்கள்? அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கிட்டப் பார்க்கும் சாதாரணக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். டைட்டானியமும் இல்லை, புரோகிரசிவும் இல்லை. யாரோ ஒருவர் அவர்கள் கண்ணை அளந்தார், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. மைனஸ் 2 பவர் உள்ள பிள்ளைக்கு அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல். கரும்பலகை எத்தனை மீட்டர்? அந்தப் பிள்ளை புகார் செய்யாது. உலகமே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். நாம் அதற்கு 'மக்கு' என்று பெயர் வைத்துவிடுவோம்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். கல்லூரியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு பள்ளியை நாம் எடுத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் கயிறு, எழுத்து தெரியாத பிள்ளைக்கும் உதவும் 'ஈ' அட்டை, நல்ல வெளிச்சம்: முதல்கட்டத் தேர்வுக்கு இவை போதும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க ஒரு நாள் பயிற்சியில் நாமே கற்கலாம். தடுமாறும் பிள்ளைகளைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், கண்ணாடி செலவும், அடுத்த ஆண்டு மறுபடி அளக்க வேண்டிய பொறுப்பும் சங்கத்துடையதாக இருக்கட்டும். போட்டோ எடுத்துக்கொள்ளும் முகாமாக ஒரே நாளில் முடிந்துவிடக் கூடாது. பிள்ளை வளர வளர பவரும் மாறும். என் பங்காக அளவு குறிப்பதும் லென்ஸ் பொருத்துவதும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சம்மதம் உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் பெயர் கொடுங்கள்.