பட்டம் முடித்த பிறகு பாதுகாப்புத் துறையா, ஐடி கம்பெனியா?

(கல்லூரி மாணவர்களுக்காக நம் சங்க அரங்கில் நடந்த மாலைக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றோர்கள் இன்னொரு பக்கம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "அங்கே வேலை எப்படி இருக்கும் அங்கிள்?" பெற்றோர் கேட்பது, "பென்ஷன் உண்டா சார்?" இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. எந்த வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கம்ப்யூட்டர், ஐடி படித்தவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சீருடை. தரைப்படையில் எஸ்எஸ்சி டெக்னிக்கல் என்றும், கடற்படையில் ஐடி என்றே தனியாகவும் அதிகாரி தேர்வு உண்டு. ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு இல்லை. கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்து, ஐந்து நாள் எஸ்எஸ்பி நேர்காணலுக்கு அழைப்பார்கள். கடற்படைப் பயிற்சி கேரளத்தின் ஏழிமலையில். தரைப்படைக்கான அகாடமி ஒன்று நம் பரங்கிமலையிலேயே இருக்கிறது. ஒன்றை மனதில் வையுங்கள்: அங்கே நீங்கள் முதலில் அதிகாரி, பிறகுதான் ஐடி ஆள். ஓட்டம், அணிவகுப்பு, ஆட்களை நடத்துவது எல்லாம் வேலையின் பகுதி. நாள் முழுக்கக் கோட் எழுத மட்டுமே ஆசை என்றால் இது உங்களுக்கான இடம் இல்லை.

இரண்டாவது, ஆய்வகம். டிஆர்டிஓ 1958-ல் தொடங்கியது. ஆவடியில் பீரங்கி வண்டி ஆய்வகம், பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் என்று பல ஊர்களில் இருக்கிறது. சயின்டிஸ்ட் பி பதவிக்கு கேட் மதிப்பெண்ணும் நேர்காணலும் வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள பொதுத்துறை நிறுவனங்கள். உதாரணம் பெல் எனப்படும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ரேடார், தகவல் தொடர்புக் கருவி, அவற்றுக்கான மென்பொருள் எல்லாம் அங்கே தயாராகின்றன.

இப்போது பணம். ஏழாவது ஊதியக் குழுவின்படி சயின்டிஸ்ட் பி, லெப்டினன்ட் இருவருக்கும் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.56,100. அகவிலைப்படி முதலியவை தனி. சீருடைக்காரர்களுக்கு ராணுவப் பணி ஊதியமாக மாதம் ரூ.15,500 கூடுதலாக வரும். ஆரம்பத்தில் இது பல கேம்பஸ் வேலைகளை விட நல்ல சம்பளம். ஐந்தாறு வருடம் கழித்துத் தனியாரில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர் முந்திப் போகலாம். அதைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்க முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது பென்ஷன். எஸ்எஸ்சி என்பது குறுகிய காலப் பணி. பத்து வருடம், அதன்பின் நீட்டிப்பு. நிரந்தரப் பணி கிடைக்காமல் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாதப் பென்ஷன் கிடையாது. டிஆர்டிஓவில் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, என்பிஎஸ்தான். 2025 ஏப்ரல் முதல் யுபிஎஸ் என்ற இன்னொரு திட்டத்தையும் தேர்ந்தெடுக்கலாம். "அரசு வேலை, கடைசி வரை கவலை இல்லை" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பணத்தை விடப் பெரிய விஷயம் பொறுமை. தேஜஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானி கையில் உள்ள பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே இருப்பது கம்ப்யூட்டர். மென்பொருள் தவறினால் உயிர் போகும். அதனால் எழுதுவதை விடச் சோதிப்பதற்கே அதிக காலம் ஆகும். 1983-ல் தொடங்கிய திட்டம், 2001 ஜனவரி 4-ல்தான் முதலில் பறந்தது. 2016-ல்தான் விமானப்படை அணியில் சேர்ந்தது. இப்படிப்பட்ட வேலையைச் செய்தாலும் வெளியே பேச முடியாது. 1923-ம் வருட அலுவலக ரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. நீங்கள் எழுதிய நல்ல கோடை கிட்ஹப்பில் போட முடியாது, வீட்டில் அம்மாவிடம் கூடச் சொல்ல முடியாது. வெளிநாடு போக அனுமதி வாங்க வேண்டும். இது சிலருக்குப் பெருமை, சிலருக்கு மூச்சுமுட்டல். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக வயது. சீருடை வழி பெரும்பாலும் 25 முதல் 27 வயதுக்குள் மூடிவிடும். பத்து வருடம் பணியாற்றிவிட்டுத் தனியாருக்கு வரலாம். பத்து வருடம் தனியாரில் இருந்துவிட்டு சீருடைக்குப் போக முடியாது. ஆகவே அந்த ஆசை இருப்பவர்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். ஆய்வக ஆசை இருப்பவர்களுக்கு அவசரம் இல்லை. கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கேம்பஸில் கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டே முயற்சி செய்யலாம்.

அரியர் வைக்காதீர்கள். அறிவிப்புகளை அரசின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள். "உள்ளே ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் போதும்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பம் நிரப்புவதில் சந்தேகம் இருந்தால், ஞாயிறு காலை சங்க நூலகத்தில் இருப்பேன். பிள்ளைகளே வரட்டும், பெற்றோரை அனுப்ப வேண்டாம்.