ரிடீம் என்னும் சொல்

இன்று ஓர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். பாடப் புத்தகத்தோடு நின்றுவிடும் சொல்லன்று இது. நம்மில் பலர் வீட்டில், துணி அடுக்குக்குள் மடித்து வைத்திருக்கும் அடகுச் சீட்டோடு தொடர்புடையது. அச்சொல் 'ரிடீம்'.

பினாங்குப் படகுத்துறையில் இறங்கிச் சூலியா தெருவுக்குள் நுழைந்தால், சிறிது தூரத்தில் பினாங்குத் தெரு குறுக்கிடும். செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய இடம் அது. மேலும் நடந்தால் நாகூர் தர்கா. தமிழகக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்ததால் தெருவுக்கும் அப்பெயர் வந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் 'பாஜாக் காடாய்' என்ற பலகையையும் பார்த்திருப்பீர்கள். அடகுக் கடை. பழைய கடைகளில் வாசலை அடுத்து ஒரு மறைப்புப் பலகை நிற்கும். உள்ளே இருப்பவர் முகம் தெருவுக்குத் தெரியக் கூடாதல்லவா! பள்ளி திறக்கும் மாதத்தில், கலியாணம் காரியம் என்று வந்தபோது, நம் வீட்டுச் சங்கிலியும் தோடும் அங்கே போய் வந்தவைதாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணத்தைக் கட்டி நகையைத் திரும்ப எடுப்பதை மலாயில் 'தெபுஸ்' என்பார்கள். நாம் மீட்பது என்கிறோம். ஆங்கிலத்தில் 'ரிடீம்'. பிள்ளைகள் இதனை 'ரி' என்றும் 'டீம்' என்றும் பிரிப்பார்கள். கருதுதல் என்ற பொருளில் 'டீம்' என்று வேறொரு சொல் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் சொல் அங்கே ஒடியவில்லை. இலத்தீன் மொழியில் 'எமெரெ' என்றால் வாங்குதல். 'ரெ' என்றால் திரும்ப. உயிரெழுத்துக்கு முன் அது 'ரெட்' என்று வரும். மணி அடித்தான் என்பது மணியடித்தான் ஆகும்போது நடுவில் வரும் யகரத்தை நினைத்துக்கொண்டால் இது மனத்தில் நிற்கும். ஆகவே 'ரெடிமெரெ', அதாவது திரும்ப வாங்குதல்.

இன்னொரு நயமும் உண்டு. 'எமெரெ' என்பதற்கு முதலில் இருந்த பொருள் எடுத்தல். விலைக்கு வாங்குதல் பிறகு வந்தது. நம் 'வாங்கு' என்ற சொல்லையே பாருங்கள். கடையில் அரிசி வாங்குகிறோம், வாத்தியாரிடம் அடியும் வாங்குகிறோம். அடிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை!

ரோமானியர், போரில் பிடிபட்டவர்களைப் பணம் கொடுத்து விடுவிப்பதற்கும் இச்சொல்லையே ஆண்டனர். பிணையத் தொகையைக் குறிக்கும் 'ரேன்சம்' என்ற சொல் அதன் வழியாகப் பிரெஞ்சு மொழியில் உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டணம் கொடுக்க இயலாமல் அமெரிக்கா சென்ற ஜெர்மானிய ஏழைகளுக்கு 'ரிடெம்ப்ஷனர்' என்று பெயர். கட்டணத்தை ஒரு முதலாளி கட்டுவார். அதற்கு ஈடாக அவர்கள் பல ஆண்டு உழைக்க வேண்டும். இது நமக்குப் புதிய கதையா? ஒப்பந்தக் கூலிகளாகப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் தலையிலும் கப்பல் செலவு கடனாகவே ஏறியது. மலாயாவில் இந்தியருக்கான அந்த ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை மனிதரே அடகுப் பொருள்.

சீட்டுக்கு வருவோம். 'ரிடீம்' வேறு, 'ரினியூ' வேறு. 'ரினியூ' என்றால் மறுபடி புதிதாக்குதல். எது புதிதாகிறது? கடன்! வட்டியை மட்டும் கட்டினால் தவணை நீளும். நகை கடையிலேயே இருக்கும். எங்கள் தோட்டத்தில் ஓர் அம்மாள் தவணைதோறும் வட்டியைக் கட்டிவிட்டு, நகையைக் கொஞ்சங் கொஞ்சமாக மீட்டு வருவதாகவே நம்பியிருந்தார். சீட்டை அவருக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை.

அடகுக் கடைக்காரர்களுக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. மீட்பதற்குக் கெடு ஆறு மாதம். 500 வெள்ளி வாங்கினால் மாதம் 10 வெள்ளி வட்டி. ஆறாம் மாதம் 560 வெள்ளி கட்டினால் நகை கைக்கு வரும், அதுதான் 'ரிடீம்'. வட்டியை மட்டும் இரண்டு ஆண்டு கட்டினால் 240 வெள்ளி போயிருக்கும், 500 வெள்ளிக் கடன் அப்படியே நிற்கும். இன்று மாலை சீட்டை வெளியே எடுத்து, கெடுத் தேதியைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.