அடங்காத பிள்ளையும் அமைதியான இல்லமும்



உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் உள்ள நடுவட்டத்தில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பொன்றில், ஆட்டிசம் உடைய எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். பனிமூட்டத்தில் வளைவுதோறும் பேருந்துகள் ஒலியெழுப்புகின்றன. அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரள்கிறான். தூக்க வந்த தாயின் கையைக் கடிக்கிறான். ஊரார் அதைப் பிடிவாதம் என்பர். அது சொல் கிடைக்காத வேதனை.

அவ்வேளையில் தாய் குரலைத் தாழ்த்த வேண்டும். ஓரிரு சொற்களே போதும். இரைச்சலினின்று விலக்கி, அருகில் அமர்ந்திருத்தல் நலம். அறிவுரை அப்போது செவியேறாது. அடியோ, ஒலியச்சத்தோடு மற்றோர் அச்சத்தையே சேர்க்கும். மனம், மொழி, மெய் மூன்றாலும் கொல்லாமை போற்றும் இல்லங்களிலும் பிள்ளையின் முதுகில் விழும் அடி கணக்கில் வருவதில்லை என்பது வியப்பே!

அவன் தணிந்தபின், அதற்கு முன் நிகழ்ந்தது யாது என்பதை நாள்தோறும் குறித்து வந்தால், காரணம் மெல்லப் புலப்படும். பேருந்தின் ஒலிதான் எனில், காதுக் கவசமும், ‘முதலில் பேருந்து, பிறகு பள்ளி’ என முன்கூட்டியே உணர்த்தும் படங்களும் உதவும்.

உறக்கமற்ற தாயிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. தந்தையும் பாட்டியும் பொறுப்பை மாறி மாறி ஏற்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. 2005-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிறுவனம் முட்டுக்காட்டில் உள்ளது. மலையில் வாழ்வோர் முதலில் உதகை அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம்.