உண்ணிச்செடியிலிருந்து மின்சாரம்: வெட்டும் கை யாருடையது?

(உல்லாஸ்நகரில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



கோடைதோறும் காடு எரிகிறது. எரியும் புதரை முன்னதாகவே வெட்டி எரிபொருளாக்கினால் தீயும் குறையும், நிலக்கரியும் மிச்சமாகும் என்கிறார்கள். டிராம்பே அனல்மின் நிலையத்தை அண்டி செம்பூரில் வாழும் நம் மக்களுக்கு நிலக்கரிப் புகையைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனவே இந்த யோசனையை எடுத்த எடுப்பிலேயே நிராகரிக்க மாட்டோம்.

உண்ணிச்செடியை ஊரில் வேலியோரம் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது. இன்று புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் பரவியுள்ளது. காய்ந்துவிட்டால், தரையில் ஓடும் தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணி அதுதான். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததில் இந்தப் புதருக்கும் பங்குண்டு.

இது காட்டை விழுங்கியது எப்படி? பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள் ஒரு விடை சொல்கிறார்கள். கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை அவர்கள் தலைமுறை தலைமுறையாக மூட்டி வந்தனர். இளஞ்செடிகள் அதிலேயே கருகின. 1974இல் அங்கே சரணாலயம் வந்தது; அந்தத் தீ குற்றமாயிற்று. அதன்பிறகே உண்ணி அடர்ந்தது என்பது அவர்களது அனுபவம். காட்டை அறிந்தவர்களை ஒதுக்கிவிட்டுக் காட்டைக் காப்பதாகச் சொன்னதன் பலனை அங்கே காணலாம்.

இனி மின்சாரக் கணக்கு. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ உலர்ந்த விறகு வேண்டும். 10 மெகாவாட் நிலையம் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 300 டன். இருபது ஆண்டு ஓட வேண்டிய ஆலைக்கு உண்ணிச்செடி ஒழியவே கூடாது! ஒழிந்துவிட்டால் அடுத்துக் கோடரி விழுவது நல்ல மரத்தின் மீதுதான்.

வெட்டும் முறையிலும் சூது உண்டு. தரைக்கு மேலே வெட்டினால் உண்ணி முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே, வேர் தண்டோடு சேரும் இடத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும் என்பது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் வகுத்த முறை. வெட்டிய இடத்தில் புல்லும் உள்ளூர் மரமும் எழும்வரை ஆண்டுதோறும் முளைகளைப் பிடுங்கவும் வேண்டும். டன் கணக்கில் கூலி பெறும் ஒப்பந்ததாரர் இதைச் செய்வாரா? வேர் எடைக்கு வராது. செடி மீண்டும் துளிர்த்தால் அவருக்கு அடுத்த ஆண்டும் வேலை.

ஆகவே நாம் கேட்பது பெரிய ஆலைகளை அல்ல. வெட்டிய புதரைக் கிராமத்திலேயே கட்டிகளாக்கி அடுப்புக்கும் சிறு எரிவாயுக் கலனுக்கும் பயன்படுத்தும் ஏற்பாடு வேண்டும். செடி குறையக் குறைய அதுவும் சுருங்கட்டும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் உண்ணித் தண்டில் நாற்காலியும் மேசையும் செய்து விற்றுக் காட்டியிருக்கிறார்கள். கூலி டன்னுக்கு அல்ல, மீட்கப்பட்ட பரப்புக்குத் தரப்பட வேண்டும். காட்டைப் பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் நிர்வகிக்கவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூகத்துக்கு உரிமை தந்திருக்கிறது. எந்த மலையில் எவ்வளவு வெட்டுவது என்பதை அங்குள்ள கிராம சபையே தீர்மானிக்க வேண்டும். அதன் ஒப்புதலின்றிப் போடப்படும் ஒப்பந்தம் எதையும் நாம் ஏற்கப்போவதில்லை.