முதலைக்கும் தாய் மனசு உண்டு

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியிலிருந்து வந்திருக்கும் உங்கள் சகோதரி நான்.

எதிரணி அண்ணன் கேட்டாரு: "மனுஷனைக் கடிக்கிற முதலைக்குப் பாதுகாப்பு எதுக்கு?" நியாயமான கேள்விதான். எங்க ஊருக்குப் பக்கத்துல பஞ்சப்பள்ளி அணை. அந்தச் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோட கலக்குது. அங்கே மீன் பிடிக்கிற எங்க மாமாவோட வலையை ஒரு தடவை முதலை கிழிச்சிடுச்சு. ரெண்டு நாள் வீட்டுல அடுப்பு எரியலை. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனா ஐயா, முதலை மனுஷனைக் கடிச்சது கொஞ்சம். மனுஷன் முதலையை உரிச்சது ஏராளம்! (கைதட்டல்) கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் தோல் உரிச்சே அந்த இனம் அழியப் பார்த்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976-ல் சென்னைக்கு அருகே ராமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணை ஆரம்பித்தார். ஒகேனக்கல்லிலும் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருக்கு. 2022-ல் எங்க மாவட்டத்தையும் சேர்த்து, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

முதலையால என்ன லாபம்? செத்த மீனையும் மிதக்குற பிணத்தையும் தின்னு ஆத்தைச் சுத்தம் பண்ணுது. சம்பளம், போனஸ் கேக்காத துப்புரவுப் பணியாளர் ஐயா அது! (சிரிப்பு)

இன்னொண்ணு. முதலை மணல்ல குழி தோண்டி முட்டையிடும். உள்ளே இருக்கிறது ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிறது அந்தக் குழியோட வெப்பம். குஞ்சு உள்ளேயிருந்து சத்தம் கொடுத்ததும் தாய் மண்ணைத் தோண்டி, எலும்பை நொறுக்குற அதே வாயால பூப்போல கவ்வி, தண்ணியில கொண்டு விடும். ஆணா பெண்ணான்னு அது பார்க்கிறதில்லை. பெண் சிசுக்கொலைன்னு ஒரு காலத்துல கெட்ட பேர் வாங்கின மாவட்டத்துப் பெண் சொல்றேன்... அந்தத் தாய் கிட்ட நாம பாடம் படிக்கணும் ஐயா! (பலத்த கைதட்டல்)

என் வேண்டுகோள் ரெண்டுதான். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்துல குளிக்க இறங்காதீங்க. கறிக்கழிவை ஆத்துல கொட்டி முதலையைப் படித்துறைக்கு விருந்து கூப்பிடாதீங்க. வலை கிழிஞ்சா மாமா தைச்சுக்குவாரு. ஒரு உயிரினம் அழிஞ்சா யார் தைக்கிறது? அழிச்சிட்டு அப்புறம் உட்கார்ந்து அழுதோம்னா, அதுதான் நிஜமான முதலைக் கண்ணீர்!