பட்டறையும் சொல்லும்



மாணவர் தம் கையால் பொருள் செய்து பயிலும் கூடத்தை இன்று 'மேக்கர்ஸ்பேஸ்' என்கின்றனர். தமிழில் அதற்குப் 'பட்டறை' என்னும் சொல் முன்னரே உண்டு. கொல்லர் இரும்படித்த இடத்தைக் குறித்த அச்சொல், இப்போது நாற்காலியில் அமர்ந்து உரை கேட்கும் கூட்டத்தையும் குறிக்கின்றது. பள்ளியில் அது மீண்டும் கைவேலையைக் குறிக்க வேண்டும் என்பதே என் விழைவு.

பட்டறைக்கு விலையுயர்ந்த கருவிகள் முதல் தேவையல்ல. மராட்டிய மாநிலத்துப் பாபல் சிற்றூரில் 1983இல் கல்பாக் அவர்கள் நிறுவிய விஞ்ஞான் ஆசிரமத்தில், ஊருக்கு வேண்டியவற்றைச் செய்தே மாணவர் கற்கின்றனர். தானா ராத்தாவில் ஊரைச் சூழ்ந்திருப்பது தேயிலை. ஆகவே, இங்குள்ள பள்ளி தேயிலையிலிருந்தே தொடங்கலாம்.

கொழுந்து வாட்டும் தொட்டியின் சிறு மாதிரியை மாணவரே செய்யட்டும். மரச்சட்டம், கம்பிவலை, பழைய கணினியின் விசிறி, ஒரு தராசு ஆகியவை போதும். 100 கிராம் கொழுந்தைப் பரப்பி, மணிக்கொரு முறை எடை பார்த்துக் குறித்தால், இலையிலிருந்து நீர் வெளியேறுவது எண்ணாகத் தெரியும்.

அடுத்து, வாடிய இலையைக் கசக்கி வைத்தால் அது செம்பு நிறம் கொள்ளும். இதனை 'நொதித்தல்' என்பர். மாவு புளிப்பதையும் அவ்வாறே சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? மாவில் நுண்ணுயிர்கள் செயற்படுகின்றன. தேயிலையிலோ, இலையிலேயே உள்ள நொதியின் துணையால் ஆக்சிஜனேற்றம் நிகழ்கின்றது. சிறிது இலையை முதலில் ஆவியில் அவித்துப் பின்னர்க் கசக்கினால், வெப்பத்தால் நொதி செயலிழப்பதால் அது பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். ஒரு சொல்லின் மீது எழுந்த ஐயத்தை இவ்வாறு கை தீர்த்து வைக்கின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. கருவியை 'அந்தச் சாமான்' என்று சுட்டுவதோடு நின்றால், கை கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்க இயலாது. ரம்பத்தால் அறுத்தோம், அரத்தால் அராவினோம், மட்டம் பார்த்தோம், திருகாணியை முடுக்கினோம் என மாணவர் தமிழில் எழுதும் செய்முறை ஏடு ஒவ்வொரு பட்டறையிலும் இருத்தல் வேண்டும். கொழுந்து, கவாத்து போன்ற தோட்டச் சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு அதில் சேர்க்கலாம். தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் பெயரும்போது அச்சொற்களும் மறைகின்றன.

தொடக்கப்பள்ளியில் 4ஆம் ஆண்டு முதல் உள்ள 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் இதற்கு இடம் தருகின்றது. செய்யும் வேலையைச் சொல்லத் தமிழ் பயன்படாவிடில், அது விழா மேடைக்குரிய மொழியாகச் சுருங்கிவிடும். அதனைத் தடுக்கும் வாய்ப்பு ஆசிரியர்களாகிய உங்களிடமே உள்ளது.